இருளாயி கொடுத்த கடற்பாசி

இருளாயிக்கு வேலை நாய்களுக்குச் சமைப்பது. மலேசியாவில், ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் வழியில் ஒரு சுண்ணாம்பு மலையைக் குடைந்துகொண்டிருந்த கல் குவாரியில், எழுபத்து நான்காம் வருஷத்திலிருந்து அதுதான் அவளுடைய வேலை. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது விசாரிப்பார்கள்.

"எங்கக்கா வேல?"

"குவாரியில. சமையலு."

"எத்தன பேருக்கு?"

"நாலு பேருக்கு. நாலு பேருக்கும் வாலு இருக்கு."

சொல்லிவிட்டு முதலில் சிரிக்கிறவளும் அவள்தான். மற்றவர்களுக்கும் சிரிக்காமல் இருக்க வழியே இருக்காது.

அவள் பிறந்தது சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பத்து வயதில் பால்வாளி தூக்கி, பதினான்கில் உளி பிடித்து, முப்பத்தைந்து வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனது. புருஷன் சன்னாசிக்குக் குவாரியில் துளை போடும் வேலை கிடைத்து, இருவரும் ஈப்போவுக்கு வந்தார்கள். குவாரியின் முதலாளி, தவுக்கே, நாலு ஓநாய் ஜாதி நாய்களை வளர்த்தார். மலாய்க்கார வேலையாட்கள் நாயைத் தொடமாட்டார்கள். வேலையாட்கள் தங்கும் கொங்சியில் சமைத்த சீனக் கிழவனோ மனிதர்களுக்குச் சமைத்தாலே போதும் என்று கையை விரித்துவிட்டான். இருளாயி தானாகப் போய்க் கேட்டாள்.

தவுக்கே ஒரே ஒரு விதி சொன்னார். உப்பு சேர்க்கக் கூடாது. உப்பு தின்றால் நாய்க்குச் சொறி வரும் என்பது அவர் நம்பிக்கை. இருளாயி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நொய்யரிசியும் பாசாரில் வாங்கிவந்த நுரையீரலும் ஒரு துண்டுப் பூசணியும் சேர்த்து வேகவைப்பாள். ஒரு கல் உப்பு அந்தச் சட்டிக்குள் விழுந்ததில்லை. ஆறவைத்து, விரலால் சூடு பார்த்து, நாலு தட்டில் பிரிப்பாள்.

நாலில் மூத்தது ஆ வோங். வெடிமருந்து வைத்திருந்த கொட்டகைக்கு அதுதான் காவல். மற்ற மூன்றையும் மாலையில் அவிழ்த்துவிடுவார்கள். ஆ வோங்கின் சங்கிலி மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் கொட்டகைத் தூணில் இருக்கும். இருளாயி தட்டை வைத்து "ம்" என்று சொல்லும்வரை அது குனியாது. வேறு யார் எதை வீசினாலும் முகர்ந்துகூடப் பார்க்காது. இதைப் பற்றி அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு.

எழுபத்தேழாம் வருஷம் தீபாவளி கழிந்து ஆ வோங்குக்கு என்னவோ ஆனது. முதலில் வால் ரோமம் உதிர்ந்து எலி வால் மாதிரி ஆயிற்று. பிறகு இடுப்பின் இரண்டு பக்கமும் வழுக்கை. அரிப்பு இல்லை, புண் இல்லை. அதே சோற்றைத் தின்றுகொண்டு ஊதிப்போனது. மனிதர்கள் நிழலுக்கு ஓடும் உச்சி வெயிலில், அனல் பறக்கும் கல்லின் மேல் போய்ப் படுத்துக்கொண்டு நடுங்கியது. கடைசியில் குரைப்பும் நின்றுபோனது. லாரிக்காரர்கள் கொட்டகை வரைக்கும் வந்து திரும்பினார்கள். ஆ வோங் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சதாசிவம் வந்து பார்த்தார்.

"முடிஞ்சிருச்சு இருளாயி. தவுக்கே ஊசி போட்டு முடிச்சிரச் சொல்லிட்டாரு. புது நாயி கொண்டாராராம்."

"ஆறு வயசுதாண்ணே ஆவுது. ஆறு வயசுல கெழடாவுமா?"

"அதுக்கு நான் என்ன செய்யட்டும் லா?"

"ஒரு வாரம் குடுங்கண்ணே. டவுன்ல ஒரு தமிழ் டாக்டரம்மா இருக்காங்களாம். காட்டிட்டு வந்துர்றேன். அவங்களும் முடியாதுன்னா நானே புடிச்சிக்கிறேன், ஊசி போடுங்க."

சதாசிவம் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார். மறுநாள் காலை சுண்ணாம்புக்கல் லாரியின் முன் இருக்கையில், டிரைவருக்கும் இருளாயிக்கும் நடுவில், ஆ வோங் ஈப்போவுக்குப் போனது.

டாக்டர் பெட்ரீசியாவுக்கு முப்பது வயதிருக்கும். மதராஸில் மாட்டு வைத்தியம் படித்துவிட்டு வந்து, கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தார். அவர் நாயைத் தொட்டுப் பார்த்த விதமே இருளாயிக்குப் புதிதாக இருந்தது. வழுக்கையை விட்டுவிட்டுத் தொண்டையைப் பிடித்தார். இரண்டு விரலால் தொண்டைக்குழலின் இரு பக்கமும் மெல்லத் தடவி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"அக்கா, என்ன சாப்பாடு போடுறீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

இருளாயி சொன்னாள்.

"உப்பு?"

"ஒரு கல்லு கெடையாது டாக்டரம்மா."

"மீனு? கருவாடு?"

"இல்ல."

"மத்த மூணு நாய்க்கும் இதேதானா? அதுங்க நல்லா இருக்கா?"

"இதேதான். நல்லா இருக்கு." சொல்லிவிட்டு இருளாயி நிறுத்தினாள். "ஆனா அதுங்க சாயங்காலம் அவுத்து உட்டா கொங்சிப் பக்கம் ஓடிரும். அங்க கருவாட்டுத் தலை, கொழம்புச் சோறு எல்லாம் திங்கும். இவன் மட்டும் நான் குடுக்குறதத் தவிர எதையும் தொடமாட்டான்."

டாக்டர் கண்ணைத் திறந்தார். "அதான் அக்கா" என்றார் மெதுவாக. "உங்களுக்கு உண்மையா இருந்ததுலதான் இவனுக்கு இந்த நெலம."

பிறகு இருளாயியின் கையைப் பிடித்து நாயின் தொண்டையில் வைத்தார். ரோமத்துக்கும் தோலுக்கும் அடியில், அவரைக்கொட்டை போல ஒன்று விரலில் இடறியது. அந்தப் பக்கமும் ஒன்று. சாதாரணமாக அவை கைக்கே தட்டுப்படாதாம், இப்போது வீங்கியிருந்தன. ரோமம் வளர்வது, உடம்பு சூடாக இருப்பது, குரைப்பது, ஓடுவது எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு கொட்டைகள்தான் முதலாளி என்றார் டாக்டர். அவற்றுக்கு அயோடின் என்று ஒரு சத்து வேண்டும். அது கடலில் இருக்கிறது. கடல் மீனில், கருவாட்டில், கடற்பாசியில் இருக்கிறது. உப்பும் மீனும் இல்லாத நொய்க்கஞ்சியில் இல்லை.

"எவ்வளவு வேணும் டாக்டரம்மா?"

"மனுசனுக்கே, பொறந்ததுலேருந்து சாகுற வரைக்கும், எல்லாத்தையும் சேத்தா ஒரு தேக்கரண்டிதான்."

இருளாயி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு தேக்கரண்டி. அது இல்லாவிட்டால் மனிதன் மனிதனாக இருக்கமாட்டான். இத்தனை நாள் தனக்குள் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்திருக்கிறது, தனக்குத் தெரியவே தெரியாது!

டாக்டர் ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். பதில் வந்த பிறகு கூப்பிட்டனுப்பி, ஒரு டப்பாவிலிருந்து பச்சைத் தூள் கொஞ்சத்தை ஒரு சிறு போத்தலில் போட்டுக் கொடுத்தார். கடற்பாசித் தூள். இருளாயிக்குக் கடற்பாசி என்றால் தீபாவளிக்குக் காய்ச்சி வைத்து வெட்டும் கலர் கலரான இனிப்புதான் தெரியும்.

"அது வேற, இது வேற அக்கா. இது குளிர் கடல்ல வளர்ற பெரிய பாசி. இதுல எவ்வளவு அயோடின் இருக்குன்னு டப்பாவுல எழுதியிருக்கு. அதக் கணக்குப் பண்ணித்தான் இவன் எடைக்கு அளவு சொல்றேன்." ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்து, நுனிப் பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டார். "ஒரு நாளைக்கு ஒரு தடவ. இந்தக் கோட்டுக்கு மேல ஒரு துளி போகக் கூடாது. எட்டு வாரம் பாப்போம். மாத்தம் தெரியலன்னா இது வேற வியாதி. அப்போ உடனே நிறுத்திட்டு வேற மருந்து குடுக்கணும்."

சதாசிவம் தவுக்கேயிடம் பேசி அந்த எட்டு வாரத்தை வாங்கிக் கொடுத்தார். இருளாயி கோட்டைத் தாண்டவில்லை. குச்சியைத் தரைக்கு நேராகப் பிடித்து, விரலால் சுண்டி, கோட்டுக்கு மேல் இருந்த தூளை மறுபடி போத்தலுக்குள் தட்டிவிட்டுத்தான் சோற்றில் கலப்பாள். அந்தத் தூளிலிருந்து ஒரு வாடை வரும். மீன் வாடை இல்லை, மழை வாடையும் இல்லை. கடலைப் பார்த்திராத இருளாயி இதுதான் கடல் வாடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் ஆ வோங் வெயிலை விட்டு நிழலில் படுத்தது. ஐந்தாம் வாரம் வழுக்கையில் கைவைத்தபோது, சேனை தோண்டிய மண்ணில் புல் முளைத்த மாதிரி, முள்முள்ளாக எதுவோ குத்தியது. ஏழாம் வாரம் ஒரு காலையில் அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மலையே அதிர்வது போல் ஒரு குரைப்பு கேட்டது. எதிர்ப்பாறையில் மோதி அது திரும்பி வந்தது. இருளாயி சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கொட்டகை வாசலில் சதாசிவம் இரண்டடி பின்வாங்கி நின்றுகொண்டிருந்தார்.

"என்னையவே கொரைக்கிறான் லா!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

ஒரு சிட்டிகை. குச்சி நுனியில் ஒட்டுகிற ஒரு சிட்டிகை இவ்வளவு பெரிய மிருகத்தைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டது! அன்று சன்னாசியிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆச்சரியம்தான் அவளைத் தப்பு செய்ய வைத்தது.

போத்தலில் தூள் அடியைத் தொட்டபோது அவள் டாக்டரிடம் போகவில்லை. கிளினிக்குக்குப் போக லாரி கேட்க வேண்டும், மண்டோரைக் கெஞ்ச வேண்டும், எல்லாம் சூசா, பெரிய தொந்தரவு. பழைய டவுனில் சீன வைத்தியர் சின்சேயின் மருந்துக் கடையில் கடற்பாசி இருப்பதாகக் கொங்சிக் கிழவன் சொன்னான். அடுத்த முறை பாசாருக்குப் போனபோது அங்கே நுழைந்தாள். சின்சே ஒரு கட்டுப் பாசியை எடுத்து வைத்தார். கறுப்பாக, தோல் மாதிரி முறுக்கிக்கொண்டு, மேலே வெள்ளையாக உப்புப் பூத்த காய்ந்த இலைகள். சீனர்கள் சூப்பில் போடுவதாம். சாப்பாட்டுப் பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். ஒரு சிட்டிகைக்கே உயிர் திரும்பியது என்றால், ஒரு பிடி கொடுத்தால் இன்னும் பத்து வருஷம் இருப்பான்.

அன்று மாலை காய்ந்த இலையை விரல் நீளத்துக்கு முறித்து, தட்டுக்கு ஒரு கைப்பிடி வீதம் நாலிலும் போட்டு, மேலே நுரையீரல் வேகவைத்த தண்ணீரை ஊற்றினாள். மற்ற மூன்றும் முகர்ந்து பார்த்து, சோற்றை மட்டும் தின்று, இலையை ஒதுக்கிவிட்டன. ஆ வோங் அவள் முகத்தைப் பார்த்தது. "ம்" என்றாள். அது மெல்லாமல் அப்படியே விழுங்கியது.

மறுநாள் காலை வைத்த தட்டு தொடாமல் கிடந்தது. ஆ வோங் முதுகை வளைத்துக்கொண்டு நின்று குமட்டியது. நுரைதான் வந்தது. தண்ணீரைக் குடித்த வேகத்தில் கக்கியது. வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருந்தது.

இருளாயிக்கு எதுவும் புரியவில்லை. தண்ணீர் மாற்றிக்கொடுக்கலாம் என்று சமையல் கொட்டகைக்கு ஓடினாள். முந்தின நாள் சட்டி ஊறப்போட்ட தொட்டியில் எதுவோ மிதந்தது. கைவிட்டு எடுத்தாள். வழவழவென்று, தடியாக, கரும்பச்சையாக, தோல் உரித்த பாம்பு போல வந்துகொண்டே இருந்தது. கையிலிருந்து முழங்கை வரைக்கும் தொங்கியது. நேற்று இலையை முறித்தபோது ஒரு சுருட்டு தவறித் தொட்டிக்குள் விழுந்தது ஞாபகம் வந்தது. சுருட்டு பீடியளவுதான் இருந்தது!

அந்தக் கணம் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவள் ஒரு பிடி கொடுத்திருக்கிறாள். அந்தப் பிடி உள்ளே எவ்வளவு ஆகியிருக்கும்? கையில் தொங்கியதை உதறக்கூடத் தோன்றாமல் அப்படியே வெளியே ஓடிவந்தாள்.

"மண்டோரண்ணே! லாரி! லாரிய நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே!"

டாக்டர் பெட்ரீசியா அவள் கையில் இருந்ததைப் பார்த்தார், நாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "மேசையில தூக்கி வைங்க" என்றார்.

உதவிக்கு ஆள் வராத நாள் அது. "ரத்தம் பாத்தா மயங்கிடுவீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு, ஆ வோங்குக்கு மயக்க ஊசி போட்டு, இருளாயியை அதன் தலைமாட்டில் நிறுத்தினார். மூக்கின் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஆனால் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வயிற்றைத் திறந்தபோது, உள்ளே எல்லாம் அப்படி ஒரு ஒழுங்கில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்றின் மேல் ஒன்று பளபளவென்று சாய்ந்துகொண்டு, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது. நாலு வருஷமாக அவள் ஆறவைத்துப் போட்ட சோறெல்லாம் இந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. வாய்க்குள் "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

டாக்டர் குடலின் ஓரிடத்தில் சிறிதாகக் கீறி, இடுக்கியால் இழுத்தார். பாசி வந்தது. உருண்டு திரண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தது. தட்டில் போட்டபோது தட்டு நிரம்பியது.

நாய் பிழைத்தது. ஐந்து நாள் கிளினிக்கிலேயே வைத்திருந்தார்கள். இருளாயி தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்தாள். மூன்றாம் நாள், டாக்டர் தன் காலில் விழப்போனவளைப் பிடித்து நிறுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"திட்டுங்க டாக்டரம்மா. நான்தானே குடுத்தேன்."

"திட்டல. கேட்டுக்குங்க. காஞ்ச பாசி தண்ணியக் கண்டா ஊதும். அதான் குடல அடைச்சிச்சு. ஆனா நீங்க ஊறவச்சுக் குடுத்திருந்தாலும் தப்புதான். ஒரு எலையில எவ்வளவு அயோடின் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒரு எலைக்கும் இன்னொரு எலைக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கலாம். மேல பூத்திருக்கிற உப்பு வேற."

"அயோடின் நல்லதுதானே?"

"இல்லாட்டியும் அந்தச் சுரப்பி வீங்கும். அதிகமாப் போனாலும் வீங்கும், கெட்டுப்போகும். ரெண்டு பக்கமும் பள்ளம் அக்கா. நடுவுல ஒத்தையடிப் பாதை. அந்தக் குச்சியில நான் போட்ட கோடு அதான்."

இருளாயி மறுபடி தன் தொண்டையில் விரலை வைத்தாள். ஒரே பொருள், ஒரே தொண்டை. குறைந்தாலும் அதே வீக்கம், மிகுந்தாலும் அதே வீக்கம். இப்படி ஒரு நூல்மேல் உயிரை நிறுத்தி வைத்தவன் எப்பேர்ப்பட்டவன் என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை குவாரிக்கே வந்து நாய்களைப் பார்த்தார். ஒரு தடவை வெடி வைத்துப் பிளந்த பாறை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். வெளிர்ச் சாம்பல் கல்லுக்குள் சோழி போல, சங்கு போலச் சுருள் சுருளாக உருவங்கள்.

"இது என்னன்னு தெரியுமா அக்கா? கடல்ல இருந்த சிப்பிங்க. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால இந்த மலையெல்லாம் கடலுக்கு அடியில இருந்துச்சு."

சன்னாசி துளைக் கருவியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். பதினோரு வருஷமாக அவன் துளை போடுகிற மலை. இருளாயி அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். அங்கே ஒரு கொத்து மரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த உயரத்துக்கும் மேலே தண்ணீர் நின்றதா? தன் தலைக்கு மேல் மீன் நீந்திப் போவது போல ஒரு கணம் தோன்றி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இந்தக் கல்ல அரைச்சுக் கலந்தா பாசிக்குப் பதிலா ஆவுமா டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் ஆ வோங் எழுந்து நின்று குரைத்தது.

"ஒண்ணும் கலக்க வேணாம். பாசியும் இனிமே வேணாம். வாரத்துல ரெண்டு நாளு கடல் மீனு வேகவச்சு, முள்ள எடுத்துட்டுப் போடுங்க. ரத்தம் பாத்துட்டேன், சரியா இருக்கு. கொறை இருந்தாத்தான் மருந்து."

தவுக்கேயின் விதி அதோடு மாறியது. நாய்களுக்கு மீன் வந்தது. ஆ வோங் எண்பத்து நான்காம் வருஷம் வரைக்கும் இருந்தது. நாய்க்குப் பதின்மூன்று வயது பெரிய வயது. கடைசி வரைக்கும் கழுத்து ரோமம் சிங்கத்துக்கு இருப்பது போல அடர்ந்திருந்தது. ஒரு மத்தியானம் அவள் தட்டை வைத்து "ம்" என்றபோது அது குனியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் சன்னாசி குழி தோண்டினான். சதாசிவம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

இருளாயியின் பேர் இதற்குள் பரவியிருந்தது. புந்தோங்கிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் நாய் வளர்ப்பவர்கள் அவளிடம் வருவார்கள். முடி கொட்டுது, பாசித்தூள் குடுக்கலாமா அக்கா என்று கேட்பார்கள். அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "தொண்டையத் தொட்டுப் பாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட போங்க. குட்டி போடுற நாயி, சின்னக் குட்டி, ஏற்கெனவே மாத்திரை திங்கிற நாயி, எதுவா இருந்தாலும் டாக்டரக் கேக்காம ஒரு சிட்டிகை போடாதீங்க. நான் போட்டுப் பாத்துட்டேன்."

எண்பத்தாறாம் வருஷம் சீனப் புத்தாண்டு விடுமுறையில் குவாரிக் குடும்பங்கள் பஸ் பிடித்துக் கடற்கரை ஊரான லூமூட்டுக்குப் போயின. இருளாயிக்கு ஐம்பத்து மூன்று வயது. அன்றுதான் அவள் கடலைப் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் தென்னைமர நிழலிலேயே நின்றுவிட்டாள். சன்னாசி கூப்பிட்டது காதில் விழவில்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் எதிரே ஒன்றுமே தடுக்கவில்லை. மரம் இல்லை, மலை இல்லை.

அப்போது கரையோரம் ஒரு தெருநாய் கண்ணில் பட்டது. அலை ஒதுக்கிய பழுப்புப் பாசிக் குவியலில் வாய் வைத்து இழுத்துக்கொண்டிருந்தது.

"டேய்! உடு! உடுடா அத!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருளாயி மணலில் ஓடினாள். நாய் பாசியோடு தண்ணீருக்குள் ஓடியது. அவளும் பின்னாலேயே இறங்கினாள். பாசியின் மறுமுனை அவள் கையில் அகப்பட்டது. இருவரும் இழுத்தார்கள். நாய் விட்டுவிட்டுக் கரையேறி, உடம்பைச் சிலிர்த்து, அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனது. கரையில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அலை ஒன்று வந்து அவளை மெல்லத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி இறக்கி வைத்தது. உதட்டில் பட்ட தண்ணீரை நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க" என்று கரையைப் பார்த்துக் கத்தினாள். "இங்க வாங்களேன். வந்து நின்னு பாருங்க. இது நம்மளத் தூக்குதுங்க!"

சன்னாசி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.